வைண்டர் டிரைவரின் கால்கள்

சுந்தரராஜின் வேலை உட்கார்ந்து செய்யும் வேலை. அதனால்தான் அவர் தன் கால்களைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் ஒரு ஷாஃப்ட்டுக்கு, அதாவது செங்குத்தாக இறங்கும் குழிக்கு, அவர் வைண்டர் டிரைவர். ஷாஃப்ட்டிலிருந்து அறுபது கஜம் தள்ளி, தகரக் கூரை போட்ட உயரமான கட்டிடம். உள்ளே இரண்டு ஆள் உயரத்துக்கு ஓர் உருளை. அதில் சுற்றிய இரும்புக் கயிறு கூரையைத் தாண்டிப் போய் ஷாஃப்ட்டுக்குள் இறங்கும். கயிற்றின் மறுமுனையில் கேஜ், அதாவது ஆட்களை இறக்கி ஏற்றும் கூண்டு. ஓட்டுகிறவருக்குக் கூண்டு தெரியாது. அவருக்கு முன்னால் இருப்பது ஒரு வட்டத் தகடு, அதில் ஒரு முள், சுரங்கத் தளங்களின் லெவல் எண்கள், சாக்பீஸால் போட்ட கோடுகள். காதுக்கு மணி. மணி மூன்று முறை அடித்தால் ஆட்கள் ஏறுகிறார்கள்.

அந்த நாற்காலியில் அவருக்குப் பதினோரு வருடம். கேஜ் நிற்கிற விதத்தை வைத்தே மேலே ஓட்டுவது யார் என்று கூண்டுக்குள் இருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள்.

“இன்னிக்கு சுந்தரராஜு. டப்பாவுல தண்ணி தளும்பல பாரு.”

இது அவர் காதுக்கும் வந்து சேர்ந்திருந்தது. கேட்ட அன்று வீட்டுக்குப் போகும்போது கொஞ்சம் மெதுவாக நடப்பார்.

அறுபத்து நாலாம் வருடம் மழைக்காலத்தில் கால்களில் அது ஆரம்பித்தது. வலி இல்லை. மரத்துப்போவதும் இல்லை. கெண்டைக்கால் எலும்புக்குள் ஏதோ ஊர்கிற மாதிரி. காலை நீட்டு, மடக்கு, எழுந்திரு, நட என்று உள்ளேயிருந்து யாரோ நச்சரிக்கிற மாதிரி. நடந்தால் நின்றுவிடும். உட்கார்ந்தால் மறுபடியும் ஊரும். காலையில் தெரியாது. இரண்டாம் ஷிஃப்ட்டில், மாலை நாலரை மணிக்கு மேல்தான் வரும்.

ஆட்கள் கேஜில் இருக்கும்போது டிரைவர் எழக் கூடாது, யாரோடும் பேசக் கூடாது என்று எதிர்ச் சுவரில் நான்கு மொழிகளில் எழுதியிருந்தது. தொண்ணூறாவது லெவலிலிருந்து கேஜ் மேலே வர எடுக்கும் நேரம் முழுவதும் சுந்தரராஜ் குதிகாலைத் தரையில் அழுத்திக்கொண்டு இருந்தார். பல்லைக் கடித்தால் கொஞ்சம் அடங்கியது. கேஜ் நின்றதும் எழுந்து உருளையைச் சுற்றி நான்கு நடை நடப்பார். மறுபடி மணி அடிக்கும்.

ஏப்ரலில் அவருடைய சர்ட்டிபிகேட்டைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு டாக்டர் பரிசோதனை உண்டு. கண், காது, இதயம். கால் ஒரு இடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது என்று சொன்னால் நாற்காலி போய்விடும். கம்ப்ரஸர் ஹவுஸில் எண்ணெய் போடுகிற வேலை கொடுப்பார்கள். சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அங்கே யாரும் தண்ணீர் தளும்பியதா என்று பார்க்கமாட்டார்கள்.

முதலில் கண்டுபிடித்தது அவர் மனைவி ஞானசுந்தரி. கோயிலில். மாலை ஆராதனையில் போதகர் அய்யரின் பிரசங்கம் நீண்டபோது அவர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சு நடுங்க ஆரம்பித்தது. மேலே வைத்திருந்த பாட்டுப் புத்தகம் நகர்ந்து நகர்ந்து கீழே விழுந்தது.

“இன்னாங்க, குளுருதா?” என்று கிசுகிசுத்தாள்.

“இல்ல.”

“அப்பறம் எதுக்கு பெஞ்ச ஆட்டறீங்க? அய்யரு உங்களயே பாத்துக்கினு கீறாரு.”

அடுத்த ஞாயிறு அவரைக் கதவோரம் உட்கார வைத்தாள். வேண்டும்போது வெளியே போய் வேப்பமரத்தைச் சுற்றிவிட்டு வந்தார். சபையில் சிலர் அவருக்கு நீர்க்கடுப்பு என்று நினைத்துக்கொண்டார்கள். அவரும் மறுக்கவில்லை.

ஞானசுந்தரியின் தம்பி கொர்னேலியஸ் ஸ்கெலட்டன் லைன் என்ற தொழிலாளர் குடியிருப்பில் இருந்தான். கீழே ஆழமான லெவல்களில் பாறை சரியாமல் மரம் கட்டுகிறவன். முப்பது வயது. பேசாமல் இருந்தால் அவனுக்கு மூச்சு முட்டும். மாமாவின் காலைப் பற்றி அக்கா சொன்னதும் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை.

“உப்பு, மாமா. ஒடம்புல உப்பு போயிடுச்சு.”

“நான் மேல ஒக்காந்துகினு கீறேன். எனக்கு எங்கடா வேர்க்குது?”

“வேர்க்கலன்னா இன்னா? கால் இழுக்குதுல்ல? எங்களுக்கு இழுத்தா மாத்திரை போடுவோம். அஞ்சு நிமிஷம். அவ்ளோதான்.”

கீழே அது உண்மை. அந்தச் சூட்டில் கோவணத்தோடு வேலை செய்பவர்களுக்கு ஒரு ஷிஃப்ட்டில் கால் கை இறுகிப்போகும். தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் மரப்பெட்டியில் உப்பு மாத்திரை வைத்திருப்பார்கள். இழுத்தால் உப்பு. தலை சுற்றினால் உப்பு. தங்கவயலில் பல்வலிக்கும் உப்பு மாத்திரை போட்டவர்கள் உண்டு. கொர்னேலியஸ் சாப்பாட்டுத் தூக்கின் அடித்தட்டில் கைப்பிடி கைப்பிடியாகக் கொண்டுவந்து கொடுத்தான்.

சுந்தரராஜ் ஒரு நாளைக்கு நான்கு போட்டார். பிறகு எட்டு. தாகம் எடுத்தது. ஒரு கூஜா தண்ணீர் குடித்தார். இரண்டு வாரத்தில் பாதம் வீங்கி பூட்ஸின் கயிறு கட்ட முடியாமல் போனது. கால் ஊர்வது நிற்கவில்லை. வீங்கிய கால் ஊர்ந்தது.

“உப்பு சேருதுன்னு அர்த்தம்,” என்றான் கொர்னேலியஸ். “எண்ணிக்கையக் கூட்டு மாமா.”

இந்த இடத்தில் சுந்தரராஜைப் பற்றி இன்னொன்றைச் சொல்ல வேண்டும். அவர் ரத்தம் கொடுப்பவர்.

அந்த ஆழத்தில் பாறை தானாகவே வெடிக்கும். மேலே வீடுகளில் பாத்திரம் குலுங்கும். பெண்கள் வாசலுக்கு வந்து ஷாஃப்ட் பக்கம் பார்ப்பார்கள். காயப்பட்டவர்களை ஏற்றுவதற்கென்று தனி மணிக் கணக்கு உண்டு. அது அடித்தால் சுந்தரராஜ் கேஜை முட்டைக் கூடையைத் தூக்குவது போலத் தூக்குவார். யாரை ஏற்றினோம் என்று அவருக்குத் தெரியாது. முள் மேலே வந்து கோட்டில் நிற்கும், அவ்வளவுதான். ஐம்பத்தெட்டில் ஒருமுறை ஷிஃப்ட் முடிந்ததும் நேராக ஆஸ்பத்திரிக்கு நடந்தார். தான் ஏற்றிவந்தவன் யார் என்று பார்க்கத்தான். வராந்தாவில் ஒரு நர்ஸ் அவரை ரத்தம் கொடுக்க வந்தவர் என்று நினைத்து, விரலைக் குத்தி ரத்த வகை பார்த்தாள். ஓ. யாருக்கும் சேரும். உள்ளே அழைத்துப் படுக்க வைத்தாள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவனை அன்று அவர் பார்த்தார். மீசை முளைக்காத பையன். பிழைத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு அந்த மணி அடிக்கும் நாளெல்லாம் அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

கொடுத்தவருக்குக் கார்டு உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான். ஆனால் அறுபத்து நாலில் பாறை மூன்று மாதம் பொறுக்கவில்லை. பிப்ரவரியில் வெடித்தது, மார்ச்சில் வெடித்தது. மார்ச்சில் சுந்தரராஜ் கொர்னேலியஸின் பெயரைச் சொல்லி இன்னொரு கார்டு வாங்கினார். காயம்பட்ட பதினேழு பேர் வராந்தாவில் கிடந்த அன்று யாரும் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

கொர்னேலியஸுக்கு ஊசி என்றால் மயக்கம் வரும். அம்மைத் தடுப்பூசிக்கே மயங்கி விழுந்தவன். ஆனால் இந்த ஏற்பாடு அவனுக்குப் பிடித்திருந்தது. ரத்தம் கொடுத்தவனுக்கு மறுநாள் சம்பளத்தோடு லீவ். கார்டைக் காட்டி லீவ் எடுத்துக்கொண்டு மாட்னி சினிமாவுக்குப் போவான். அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகையன்று அய்யர் பீடத்தில் நின்று, “நம் சபையின் சகோதரர் கொர்னேலியஸ் இந்த வருடத்தில் நான்கு முறை” என்று ஆரம்பித்தபோது, கொர்னேலியஸ் தலையைக் குனிந்துகொண்டான். அடக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஞானசுந்தரிக்குக் கண் கலங்கியது. தம்பி பயந்தாங்கொள்ளி என்ற பேர் போயிற்று என்று அன்று கறிக்குழம்பு வைத்து அவனுக்குப் போட்டாள். சுந்தரராஜ் பக்கத்தில் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டே சாப்பிட்டார்.

இரண்டு கார்டிலும் சேர்த்துப் பதிமூன்று மாதத்தில் எட்டு தடவை. இதற்கும் கால்களுக்கும் தொடர்பு இருக்கும் என்று சுந்தரராஜ் நினைக்கவே இல்லை.

பிப்ரவரி கடைசியில் ஞானசுந்தரி அவரைக் கம்பவுண்டர் துளசிராமனிடம் இழுத்துக்கொண்டு போனாள். துளசிராமன் வேலையிலிருந்து ஓய்வு பெற்று பஜாரில் ஒரு சின்ன மருந்துக்கடை வைத்திருந்தார். நெற்றியில் நாமம். காதில் பேனா. வாயில் வெற்றிலை. அவர் சுந்தரராஜின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நகத்தை அழுத்திப் பார்த்தார்.

“இன்னாப்பா இது, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி கீது? மூலம் கீதா?”

“இல்ல சார்.”

“வயித்துல பூச்சி?”

“இல்ல.”

“ரத்தம் எங்கனா போவுதா?”

சுந்தரராஜ் மனைவியைப் பார்த்தார். “இல்ல.”

“உப்ப இன்னியோட நிறுத்து. நீ இன்னா ஊறுகாயா?” ஒரு பாட்டிலிலிருந்து பச்சையாக இருந்த மாத்திரைகளைக் கொட்டி எண்ணினார். “இரும்பு. புள்ளத்தாச்சிங்களுக்குக் குடுக்கறது. ஒனக்கும் அதான். மூணு வேளை.”

ஞானசுந்தரி சிரித்துவிட்டாள். சுந்தரராஜ் பொட்டலத்தை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

உப்பை விட்டதும் வீக்கம் வடிந்தது. கால் மட்டும் அப்படியே இருந்தது. மூன்று வாரம் கழித்து அவர் தனியாகக் கடைக்கு வந்தார்.

“பிரயோஜனம் இல்ல சார்.”

“எப்படிப் போடற?”

“டீயில. பிளாஸ்க்குல இருக்கும். பால் இல்லாம, நல்லா ஸ்ட்ராங்கா. அத்தக் குடிச்சாதான் ஷிஃப்ட்டுல தூக்கம் வராது.”

துளசிராமன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். “பிளாஸ்க்கு கீதா?”

இருந்தது. மருந்து அளக்கிற கண்ணாடியில் கொஞ்சம் டீ ஊற்றினார். ஒரு மாத்திரையைக் கல்வத்தில் போட்டுப் பொடித்து அதில் தட்டினார். குச்சியால் கலக்கினார். டீயின் சிவப்பு போய், அடியிலிருந்து கறுப்பு ஏறியது. கண்ணாடி முழுவதும் கறுத்தது. துளசிராமன் காதிலிருந்து தொட்டு எழுதும் பேனாவை எடுத்து அதில் நனைத்து, பாட்டிலில் ஒட்டுகிற சீட்டு ஒன்றில் எழுதினார். எழுத்து வெளிறித்தான் இருந்தது. இருவரும் பார்த்துக்கொண்டே இருக்க, காயக் காயக் கறுத்தது. சுந்தரராஜ், டீ கூடாது.

“மை,” என்றார் துளசிராமன். “மூணு வாரமா நீ வயித்துக்குள்ள மை காச்சிக்கினு இருந்த. ஒனக்கு எங்க ஒட்டும்? எலுமிச்சம்பழத் தண்ணியில போடு. டீ வேணும்னா ரெண்டு மணி நேரம் கழிச்சிக் குடி.”

அந்தச் சீட்டை சுந்தரராஜ் பிளாஸ்க்கின் மேல் ஒட்டிவைத்தார். அது வெகுநாள் இருந்தது.

ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. ஊர்வது நாலரைக்கு வரவில்லை, ஐந்தரைக்கு வந்தது. பரிசோதனைக்குப் பத்து நாள் இருந்தது. பத்து நாளில் நின்றுவிடும் என்று அவர் கணக்குப் போட்டார்.

சனிக்கிழமை. முதல் ஷிஃப்ட். சுந்தரராஜ் நாற்காலியில் இருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு ஆள் ஸ்கெலட்டன் லைனுக்குப் போய் கொர்னேலியஸிடம் ஒரு சீட்டைக் கொடுத்தான். அவசர ஆபரேஷன், ஓ வகை வேண்டும், உடனே வரவும். கொர்னேலியஸ் சீட்டை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடிவந்தான்.

“மாமா எங்கக்கா?”

“ஷிஃப்ட்டு. ரெண்டு மணிக்கு வருவாரு. இன்னாத்துக்கு?”

“ஒண்ணுமில்ல. ஆஸ்பத்திரில கூப்புடறாங்கோ. ரத்தம்.”

“கூப்புட்டா நீ போடா. மாமா எதுக்கு?”

கொர்னேலியஸ் வாசலில் நின்றான். அவனுக்குப் பேச்சு வராத நேரங்கள் குறைவு. இது அதில் ஒன்று.

“டேய். கைய நீட்டு.” முழங்கையின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு தழும்பும் இல்லை. “அஞ்சு தடவ குடுத்தவன் கையாடா இது?”

“அக்கா, நான் வேணாம்னுதான் சொன்னேன். மாமாதான்...”

அவள் அடுப்பிலிருந்த சட்டியை இறக்கி வைத்தாள். புடவையை மாற்றவில்லை. “லீவு எடுத்துக்கினு சினிமா பாத்தல்ல? நான் ஒனக்குக் கறி ஆக்கிப் போட்டேன்ல? நட.”

“அக்கா, எனக்கு மயக்கம் வரும்.”

“வரட்டும். நான் புடிச்சிக்கிறேன்.”

ஆஸ்பத்திரியில் விரலைக் குத்தியதுமே கொர்னேலியஸ் வெளுத்துப்போனான். பரிசோதித்தவர் கார்டைப் பார்த்தார், கண்ணாடித் தகட்டைப் பார்த்தார், மறுபடியும் குத்தினார். கார்டில் ஓ. ஆள் பி. கொர்னேலியஸ் அதற்குமேல் தாங்கவில்லை. யாரும் கேட்பதற்கு முன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு மயங்கி விழுந்தான்.

ஞானசுந்தரி தன் கையை நீட்டினாள். “என்னுத பாருங்க.”

இரண்டரை மணிக்கு சுந்தரராஜ் வீட்டுக்கு வந்தபோது பூட்டு தொங்கியது. கதவில் சீட்டு செருகியிருந்தது. டாக்டர் கூப்பிடுகிறார்.

டாக்டர் மைசூர்க்காரர். வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. சர்ட்டிபிகேட்டில் கையெழுத்துப் போடுகிறவரும் அவர்தான். மேஜைமேல் இரண்டு கார்டுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

“கூத்கொள்ளி,” என்று கன்னடத்தில் உட்காரச் சொல்லி நாற்காலியைக் காட்டினார். பிறகு தமிழில், “எட்டு தடவை. உங்களுக்குப் பைத்தியமா?”

சுந்தரராஜ் கார்டுகளைப் பார்த்தார்.

“பேர் மாத்திச் சொன்னது தப்பு. அது போகட்டும். உங்க ரத்தத்தைப் பார்த்தா தண்ணி மாதிரி இருக்கும். மூச்சு வாங்குதா?”

“இல்ல சார்.”

“தலை சுத்தல்?”

“இல்ல.”

டாக்டர் காலைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்பதற்குக் காரணமும் இல்லை. சுந்தரராஜின் கால்கள் அப்போது அடங்கியிருந்தன. மணி மூன்றுகூட ஆகவில்லை. இப்படியே எழுந்து போய்விடலாம். பத்து நாள் கழித்து வந்து கண்ணையும் காதையும் காட்டலாம்.

அடுத்த வாரம் இரண்டாம் ஷிஃப்ட். மாலை ஐந்தரைக்கு மணி மூன்று முறை அடிக்கும். கேஜில் நாற்பது பேர்.

“சார், என் கால் ஒரு எடத்துல நிக்கமாட்டேங்குது,” என்றார்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். சுந்தரராஜ் உட்கார்ந்திருந்த நேரம், நடந்த நேரம், உப்பு, இரும்பு, டீ எல்லாவற்றையும் சொன்னார். பாதியில் டாக்டர் எழுந்து அலமாரியிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்துப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டார்.

“இதுல இருக்கு. ரத்தத்துல இரும்பு குறைஞ்சா சில பேருக்குக் கால் இப்படிப் பண்ணும். அடிக்கடி ரத்தம் கொடுக்கறவங்களுக்கு வரும்னே எழுதியிருக்கான். நீங்க ஒரு பக்கம் மாத்திரை போட்டீங்க. இன்னொரு பக்கம் பாட்டில் பாட்டிலா கொடுத்தீங்க.”

“நாற்காலி போயிடுமா சார்?”

டாக்டர் புத்தகத்தை மூடினார். “மூணு மாசம் ஆள் ஏத்தக் கூடாது. கல்லு மட்டும் ஏத்துங்க. எழுதித் தரேன். ஜூலையில பாக்கலாம். ஒரு வருஷத்துக்கு இந்த வராந்தாப் பக்கமே வரக் கூடாது.” கார்டுகளைக் கிழிக்கப் போனவர், கொர்னேலியஸ் பேரில் இருந்ததை மட்டும் கிழித்தார். “உங்க மனைவி அந்தக் கட்டில்ல படுத்திருக்காங்க. அவங்களுக்கும் ஓ வகைதான். ஆபரேஷனுக்கு அவங்கதான் கொடுத்தாங்க. உங்களுதைவிட நல்ல சிவப்பு.”

ஞானசுந்தரி படுத்திருந்தாள். பக்கத்துக் கட்டிலில் கொர்னேலியஸ். அவனிடமிருந்தும் எடுத்திருந்தார்கள். கண்ணைத் திறக்காமல், “எடுத்துட்டாங்களா?” என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அவள் கணவனைப் பார்த்தாள். “எட்டு தடவயா?”

“ஆமா.”

“எங்கிட்ட சொல்லியிருந்தா ரெண்டு தடவ நான் குடுத்திருப்பேன்ல?”

அவர் கட்டிலோரம் உட்கார்ந்தார். அன்று இரவு யாரும் சமைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த ரொட்டியையே மூன்று பேரும் சாப்பிட்டார்கள்.

மூன்று மாதம் சுந்தரராஜ் கல் ஏற்றினார். கல்லுக்குத் தண்ணீர் தளும்பினால் என்ன, தளும்பாவிட்டால் என்ன. அவர் அப்போதும் கோட்டில்தான் நிறுத்தினார். எலுமிச்சம்பழத் தண்ணீரில் மாத்திரை. ஞானசுந்தரி எங்கிருந்தோ வாரம் இரண்டு தடவை ஈரல் வாங்கிவந்தாள். மே மாதத்தில் ஒரு ஞாயிறு பிரசங்கம் ஒரு மணி நேரம் போயிற்று. பாட்டுப் புத்தகம் விழவில்லை. ஞானசுந்தரிதான் கவனித்தாள். அவர் தூங்கிப்போயிருந்தார்.

ஜூலையில் டாக்டர் அவரை மாலை ஐந்து மணிக்கு வரச் சொன்னார். முதுகு இல்லாத ஸ்டூல் ஒன்றில் உட்கார வைத்துவிட்டு, மற்ற நோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்தார். இருமல், சிரங்கு, ஒரு காதுவலி. நாற்பது நிமிடம் ஆனது. கடைசியில் திரும்பிப் பார்த்தார்.

“என்ன தோணுது?”

“பசிக்குது சார்.”

டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் இரண்டாம் ஷிஃப்ட்டில் மணி மூன்று முறை அடித்தது. கேஜ் மேலே வந்து நின்றபோது உள்ளே யாரோ அவர் பேரைச் சொல்லிக் கத்தியது அறுபது கஜம் தாண்டி அவருக்குக் கேட்டது. கொர்னேலியஸின் குரல் என்று நினைத்தார்.

நவம்பரில் ஒரு மாலை பாத்திரங்கள் குலுங்கின. அந்த மணி அடித்தது. சுந்தரராஜ் மெதுவாக ஏற்றினார். நான்கு தடவை. ஷிஃப்ட் முடிந்ததும் கால்கள் பழக்கத்தில் ஆஸ்பத்திரிக்கு நடந்தன. வராந்தாவுக்கு வந்த பிறகுதான் டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. வரிசையில் நின்றவர்களைப் பார்த்துக்கொண்டு தூணோரமாக நின்றார். கைகளை என்ன செய்வது என்று தெரியவில்லை.

பெஞ்சில் கொர்னேலியஸ் உட்கார்ந்திருந்தான். முழங்கையில் பஞ்சு. கையில் பால் டம்ளர். முகம் சுவர் மாதிரி இருந்தது.

“எத்தினாவது?” என்றார் சுந்தரராஜ்.

“ரெண்டு. மெய்யான ரெண்டு.”

“மயக்கம்?”

“வந்துக்கினே கீது. அக்காகிட்ட சொல்லாத.” ஒரு வாய் பால் குடித்தான். “நாளைக்கு லீவு மாமா. எனக்கே எனக்கு.”

“சினிமாவா?”

“தூங்கப் போறேன்.” பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். “தல சுத்துது. நிக்கற வரைக்கும் பக்கத்துல ஒக்காரு மாமா. உழுந்துட்டா அசிங்கம்.”

சுந்தரராஜ் உட்கார்ந்தார். கொர்னேலியஸ் அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு அன்று கீழே நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தான். பாதியில் தூங்கிவிட்டான். டம்ளர் அவன் மடியில் இருந்தது. அதில் பாதிப் பால் இருந்தது.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். சுந்தரராஜ் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பால் தளும்பவில்லை.